நோயாளியின் செவிக்கு எட்டும் ஆங்கிலம்



புனே நகரிலிருந்து நாசிக் செல்லும் நெடுஞ்சாலையில் சுமார் 30 கிலோமீட்டர் தொலைவில் சாகண் என்னும் ஊர் உள்ளது. 1660-ஆம் ஆண்டில் ஃபிரங்கோஜி நர்சாலா என்ற மராட்டிய வீரர், சாயிஸ்தகானின் பெரும்படையை இவ்வூர்க் கோட்டைக்குள்ளிருந்து ஏறத்தாழ இரண்டு மாத காலம் எதிர்த்து நின்றார். இன்று இவ்வூர் வெங்காயச் சந்தைக்கும் மோட்டார்த் தொழிற்சாலைகளுக்கும் பெயர் பெற்றது. பிழைப்பை நாடி இப்பகுதிக்கு வந்த நம்மவருள் மருத்துவமனைகளில் செவிலியராகப் பணிபுரிவோரும் உளர். கடல் கடந்து பணியாற்ற விரும்பும் அவர்கள் முன் இன்னொரு கோட்டையாக நிற்பது ஆங்கிலத் தேர்வு. அதனைப் பற்றி இன்று சிறிது சிந்திப்போம்.

ஓ.இ.டி. எனப்படும் தேர்வு மருத்துவத் துறையினருக்கென்றே ஏற்பட்டது. 1980-களில் ஆஸ்திரேலிய அரசுக்காக இதனை வகுத்தவர் டிம் மக்நமாரா என்னும் மொழியியல் அறிஞர். செவிலியர், மருத்துவர், மருந்தாளுநர் முதலிய 12 தொழிலினர் இதனை எழுதலாம். பிரிட்டனின் செவிலியர் மன்றம் 2017 முதல் இதனை ஏற்கிறது. கேட்டல், படித்தல், எழுதுதல், பேசுதல் என நான்கு பகுதிகள். ஒவ்வொன்றுக்கும் உச்ச மதிப்பெண் 500. பிரிட்டன் செல்லும் செவிலியர் எழுதுதலில் 300-உம், ஏனைய மூன்றில் 350-உம் பெறவேண்டும்.

நாம் அறிந்த சகோதரி ஒருவர், பல மாதச் சேமிப்பைக் கட்டணமாகச் செலுத்தி இத்தேர்வை எழுதினார். மாதிரிக் கடிதங்கள் பலவற்றை மனப்பாடம் செய்திருந்தார். ஆயினும் எழுதுதலில் தவறிப்போனார். காரணம் என்ன? நோயாளியைப் பற்றிய குறிப்புகளைத் தந்து, அவரை அடுத்துக் கவனிக்கப்போகும் ஒருவருக்குக் கடிதம் எழுதச் சொல்கிறார்கள். குறிப்புகளைப் படிக்க 5 நிமிடம், எழுத 40 நிமிடம். அளவு 180 முதல் 200 சொற்கள். குறிப்பிலுள்ள யாவற்றையும் எழுதுவது பிழை. படிப்பவருக்கு எது தேவை, எது தேவையில்லை என்று தேர்ந்தெடுப்பதே அங்குச் சோதிக்கப்படும் திறமை. நம் சகோதரியோ பழைய அறுவைச் சிகிச்சை முதல் பக்கத்து வீட்டார் விவரம் வரை ஒன்றையும் விடவில்லை!

பேசுதலும் அத்தகையதே. தேர்வாளர் ஒருவர் நோயாளியாகவோ உறவினராகவோ நடிப்பார். ஐந்தைந்து நிமிடம் இரண்டு உரையாடல்கள். இலக்கணமும் உச்சரிப்பும் மட்டுமல்ல, நோயாளியின் அச்சத்தைக் கேட்டறிந்தோமா, அவருக்குப் புரியும்படி விளக்கினோமா என்பதற்கும் மதிப்பெண் உண்டு. ‘ஹைப்பர்டென்ஷன்’ என்று சொல்லி நிறுத்துவதைவிட, இரத்த அழுத்தம் மிகுந்துள்ளது என்று எளிய ஆங்கிலத்தில் கூறுவதே மேல். சாகண் செவிலியருக்கு இது புதிதன்று. சந்தைக்கு வந்த இடத்தில் மயங்கி விழுந்த உழவரிடம், “காப்ரூ நகா”, அதாவது “அஞ்சாதீர்கள்” என்று மராட்டியில் சொல்லக் கற்றதும் இலக்கண நூலைப் பார்த்தா? நோயாளியின் முகத்தைப் பார்த்தன்றோ! அந்தப் பழக்கத்தையே ஆங்கிலத்திற்கும் கொண்டுசெல்ல வேண்டும்.

கேட்டலில் ஒலிப்பதிவு ஒரே ஒருமுறைதான் ஒலிக்கும். வானொலியில் நாம் பேசுவதும் அவ்வாறே. தவறவிட்டால் திரும்ப வராது. ஆகவே நாள்தோறும் ஆங்கிலச் செய்தியை ஒருமுறை கேட்டு, கேட்டவற்றை உடனே குறித்துப் பழகலாம். எண்களில் தனிக் கவனம் வேண்டும். ‘ஃபிஃப்டீன்’, ‘ஃபிஃப்டி’ ஆகிய இரண்டும் விரைவில் ஒன்றுபோல் ஒலிக்கும். 15 மில்லிகிராம் 50 ஆகிவிட்டால் நேரும் விளைவைச் செவிலியருக்குச் சொல்லவேண்டியதில்லை. ‘ஒன் ஃபைவ்’ என இலக்கங்களைத் தனித்தனியே சொல்லி உறுதி செய்துகொள்வது தேர்வுக்கும் நன்று, உயிருக்கும் நன்று.

வீட்டிலும் பயிற்சி செய்யலாம். கணவரையோ தோழியையோ நோயாளியாக அமர்த்திப் பேசிப் பார்க்கலாம். கற்பனை நோயாளி ஒருவரைப் பற்றி வாரம் இரண்டு கடிதங்கள் எழுதி, பிறர் ஒருவரிடம் கொடுத்து, “உமக்கு என்ன விளங்கிற்று?” என்று கேட்கலாம். வினாத்தாளை முன்னரே தருவதாகச் சொல்லிப் பணம் கேட்போரை மட்டும் நம்பவேண்டா. பணமும் போகும், வாழ்க்கை வாய்ப்பும் போகும்.

நோயாளி, மருத்துவர், மருந்து என்பனவற்றோடு, அருகிருந்து பேணுபவரையும் மருத்துவத்தின் ஓர் உறுப்பாக வைத்தார் திருவள்ளுவர். பேணுபவரின் சொல்லும் ஒரு மருந்தே. அந்த மருந்தை அயல்மொழியிலும் அளவறிந்து கொடுக்க வல்லவரா என்பதையே இத்தேர்வு கேட்கிறது. தமிழில் பிறந்து, மராட்டியில் நோயாளிகளைத் தேற்றிவரும் நம் சகோதரிகளுக்கு அது எட்டாத கனி அன்று.