சமயத்தைப் பாடமாகப் பயிலலாமா?

(ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)

இந்து நாகரிகத்திற் சிறப்புக் கலைப் பட்டம் பயில நான் விரும்பியபோது, "சமயம் படிக்கப் பல்கலைக்கழகம் ஏன், தம்பி? கோயிலுக்குப் போனாற் காணாதோ?" என்று கேட்டார் என் தந்தையார்.

கோயிலிற் கற்பது வேறு. அங்கே கற்பது வேறு. மொகஞ்சதாரோ முத்திரையொன்றில் யோகிபோல் அமர்ந்த உருவம் உண்டு. அது சிவபெருமானின் முன்னுருவம் என்று சேர் ஜோன் மார்ஷல் 1931இல் வெளிவந்த நூலில் எழுதினார். நம் நெஞ்சு மகிழ்கிறது. ஆயினும், பின்வந்த ஆய்வாளர் சிலர் அதனை மறுத்தனர். பரீட்சையில் இரு பக்கத்து நியாயங்களையும் எழுதவேண்டும். எழுதுகையில், அபசாரம் செய்கிறேனோ என்று அஞ்சினேன்.

பின்னரே தெளிந்தேன். சிவஞானசித்தியார் பரபக்கத்திற் பிறர் கொள்கைகளை எடுத்துக் கூறி ஆராய்ந்த பின்னரன்றோ சுபக்கத்தில் நம் கொள்கையை நாட்டுகிறது! ஆராய்ச்சி நம் முன்னோர் நடந்த வழியே.

இப்பட்டம் உடனே உத்தியோகம் தருமென்று சொல்லமாட்டேன். பெரியோர்களே, ஒன்று மட்டும் வேண்டுகிறேன்: ஐயம் கேட்கும் பிள்ளையை அதட்டாதீர்கள். இளைஞர்களே, கேட்டதோடு நில்லாது விடையையும் தேடுங்கள். கேள்விக்கு அஞ்சாத பக்தியே நிலைக்கும்.