பொருள்வயிற் பிரிவும் துண்டுச் சீட்டும்



பொருள் தேடிப் பிரிதல் தமிழ்க் கவிதைக்குப் புதிதன்று. பாலைத் திணையின் தலைவன் சுரம் கடந்து செல்கிறான். மீளும் பருவத்தைக் குறித்துச் செல்கிறான். தலைவி இல்லிருந்து ஆற்றியிருக்கிறாள். கடல்வழிச் செலவு மகளிரோடு நிகழ்வதில்லை என்பதும் தொல்காப்பியம் உரைத்த மரபு.

அம்மரபை இலங்கை மலைநாடு மாற்றியது. காப்பிக் காலத்தில் பெரும்பாலும் ஆடவரே பருவந்தோறும் சென்று மீண்டனர். 1869-இல் தோன்றிய இலைநோய் காப்பியை அழித்தபின் தேயிலை பரவியது. தேயிலைக்கு ஆண்டு முழுதும் கொழுந்து பறிக்கும் கைகள் வேண்டும். ஆகவே தலைவியும் கடல் கடந்தாள்.

அவள் பொருளை ஈட்டும் முன்பே கடன் ஏறிற்று. வழிச்செலவும் துணியும் அரிசியும் கங்காணி தந்த முன்பணம். அக்கடனுக்குத் ‘துண்டு’ என்றொரு சீட்டு உண்டு. இன்ன தொகை செலுத்தினால் இவ்வாட்களை விடுவிப்போம் எனத் தோட்ட நிர்வாகம் அதில் எழுதித் தரும். கங்காணி அதனை வேறொரு தோட்டத்தில் காட்டுவார். அத்தோட்டம் பணத்தைக் கட்டி ஆட்களைப் பெறும். கட்டிய தொகை மீண்டும் அவர்கள் தலையிலேயே பற்றெழுதப்படும். 1921-இல்தான் சட்டம் துண்டு முறையை ஒழித்தது.

விடியுமுன் பிரட்டுக்களம், பகலெல்லாம் கூடை, மாலையில் தராசு. எடை குறைந்தால் அரைப்பேர். இவ்வாழ்வைத் தொழிலாளர் கூட்டங்களில் பாட்டாகப் பாடியவர் கோ. நடேசய்யரின் துணைவியார் மீனாட்சியம்மாள். மலைநாட்டு மக்களின் வாய்மொழிப் பாடல்களைத் தேடித் தொகுத்தவர் சி.வி. வேலுப்பிள்ளை.

மீட்சியும் குறித்த பருவத்தில் வரவில்லை. 1948-ஆம் ஆண்டுச் சட்டம் மலையகத் தமிழரில் மிகப் பெரும்பாலோரின் குடியுரிமையைப் பறித்தது. 1964-இல் இரு பிரதமர்கள் செய்த உடன்பாடு 5,25,000 பேரை இந்தியாவுக்கு என்று எழுதிற்று. பலர் அதுவரை கண்டிராத ‘தாயகத்திற்கு’த் திரும்பினர்.

கடன் முன்செல்லும் பயணம் இன்றும் நிற்கவில்லை. முகவர் பெறும் கட்டணத்திற்கு 1983-ஆம் ஆண்டின் குடிபெயர்வுச் சட்டம் வரம்பிட வழி செய்தது. ஆயினும் வளைகுடாவுக்குச் செல்லும் கட்டடத் தொழிலாளரும் வீட்டுவேலைப் பெண்களும் பலர் நகையை அடகு வைத்தே விமானம் ஏறுகின்றனர். முதல் மாதங்களின் ஊதியம் வட்டிக்கே போகிறது. வேலை பிடிக்காவிடினும் கடன் தீருமுன் திரும்ப இயலுவதில்லை.

இவர்களைப் பற்றிய கவிதைகளில் நிலவு உண்டு, மடல் உண்டு, மண்வாசனை உண்டு. அடகுச் சீட்டு அரிது. பிரிவின் துயரைப் பாடத் தமிழுக்கு எவரும் கற்பிக்க வேண்டுவதில்லை. ஆனால் கணக்கைப் பாடாத கவிதை, பிரிந்தவன் தன் விருப்பால் பிரிந்தான் என்று படிப்போரை நம்பச் செய்துவிடுகிறது. அது அவனுக்குச் செய்யும் அநீதி. கொழுந்துக் கூடை சுமந்தவளுக்கோ அக்கவிதையில் இடமே இல்லை.

பத்தாண்டு நிறைந்த இவ்வட்டத்தின் கவிஞர்கள் பாலைக்கு இன்னொரு கருப்பொருளைச் சேர்க்கட்டும்: மடித்து மடித்துக் கிழிந்த அந்தக் கடன் சீட்டு.