படத்தில் விழும் கறுப்புப் புள்ளி

தைராய்டுச் சுரப்பியில் புற்றுநோய் கண்டு அறுவைச் சிகிச்சை செய்துகொண்ட ஓர் அம்மையாரை மனத்தில் வைத்துக்கொண்டு இன்றைய பேச்சைத் தொடங்குவோம். கழுத்திலிருந்த சுரப்பி முழுவதையும் எடுத்தாகிவிட்டது. நோயின் மிச்சம் உடலில் எங்கேனும் இருக்கிறதா என்று அறிய, சிறிதளவு கதிரியக்க அயோடினை விழுங்கச் செய்து, இரண்டு நாள் கழித்துத் தலை முதல் கால் வரை படம் பிடிக்கிறார்கள். படத்தில் இடுப்பின் வலப்பக்கம் ஒரு கறுப்புப் புள்ளி. எலும்புக்குப் பரவிவிட்டதோ? வீட்டாரின் முகம் வெளுத்துப் போகிறது. அப்போதுதான் தாதி ஒருவர் கவனிக்கிறார்: அம்மையார் சேலை இடுப்பில் ஒரு கைக்குட்டையைச் செருகியிருக்கிறார். அதை எடுத்துவிட்டு மறுபடி படம் பிடித்தால், புள்ளியைக் காணோம்!

இது நாம் உதாரணத்துக்குச் சொன்ன கதைதான். ஆனால் கைக்குட்டையில் ஒட்டிய எச்சிலும் மூக்குச் சளியும் புற்றுநோய் போலக் காட்சி தந்த சம்பவங்கள் மருத்துவ ஏடுகளில் பதிவாகியே இருக்கின்றன.

இதன் காரணத்தைப் பார்ப்போம். நாம் உண்ணும் உணவிலுள்ள அயோடினைப் பிடித்து வைத்துத்தான் தைராய்டு தன் ஹார்மோனைச் செய்கிறது. இச்சுரப்பியில் தோன்றும் புற்று அணுக்களில் பெரும்பாலானவற்றுக்கு அந்தப் பசி இருக்கிறது. 1941-இல் போஸ்டன் நகரில் டாக்டர் சால் ஹெர்ட்ஸ், தைராய்டு மிகையாகச் சுரந்த நோயாளிக்குக் கதிரியக்க அயோடினைக் கொடுத்தார். உடலில் பரவிய தைராய்டுப் புற்றும் அதை ஈர்க்கும் என்று நியூயார்க்கில் டாக்டர் சைட்லினும் அவருடைய தோழர்களும் 1946-இல் எழுதினார்கள். இன்று நாம் பயன்படுத்தும் அயோடின்-131, எட்டு நாளில் தன் கதிர்வீச்சில் பாதியை இழக்கும். அதிலிருந்து வரும் ஒருவகைக் கதிர் அணுக்களை அழிக்கிறது. மற்றொரு வகை படம் பிடிக்க உதவுகிறது.

இங்கே நாம் மறக்கக்கூடாத ஒன்று உண்டு. படம் காட்டுவது அயோடின் இருக்கும் இடத்தைத்தான். புற்று இருக்கும் இடத்தை அல்ல. இரண்டும் பல சமயம் ஒன்றாக இருக்கும். சில சமயம் இருக்காது.

உமிழ்நீர்ச் சுரப்பிகளும் இரைப்பையும் இயல்பாகவே அயோடினை ஈர்க்கின்றன. சிறுநீர் வழியாக அது வெளியேறுவதால் சிறுநீர்ப்பை கறுத்துத் தெரியும். ஆகவே எச்சில், வியர்வை, சிறுநீர் எது பட்டாலும் தோலிலும் தலைமுடியிலும் உடையிலும் புள்ளி விழும். உடலுக்குள்ளேயும் ஏமாற்றுகள் உண்டு. சிறுநீரகத்தில் நீர்க்கட்டி இருந்தால் அதில் அயோடின் தேங்கலாம். பழைய நுரையீரல் நோயால் மூச்சுக்குழாய்கள் விரிந்து சளி கட்டியிருந்தால், மார்பில் ஒரு நிழல் விழலாம். இளம் வயதினருக்கு மார்பெலும்பின் பின்னாலுள்ள தைமஸ் சுரப்பியும் அயோடினைப் பிடிப்பதுண்டு. பால் கொடுக்கும் தாயின் மார்பகமும் அப்படியே. அதனால்தான் பாலூட்டுவதைப் பல வாரங்களுக்கு முன்பே நிறுத்தச் சொல்கிறார்கள்.

புள்ளியைத் தவறாகப் படித்தால் என்ன நஷ்டம் என்று கேட்கலாம். நஷ்டம் சிறிதல்ல. சோதனைக்குக் கொடுப்பது சில மில்லிகியூரி. பரவிய நோய்க்குச் சிகிச்சையாகக் கொடுப்பதோ நூறு, இருநூறு மில்லிகியூரி வரை போகும். பெரிய அளவு மருந்து உமிழ்நீர்ச் சுரப்பிகளைக் கெடுத்து, வாய் வறண்டு சோறு விழுங்கச் சிரமப்படும் நிலையைக் கொண்டுவரலாம். இல்லாத நோய்க்கு இதையெல்லாம் ஏன் அனுபவிக்க வேண்டும்? அதைவிட, ‘பரவிவிட்டது’ என்ற ஒரு சொல்லைக் கேட்டுத் தூங்காமல் கழித்த இரவுகளுக்கு எந்தக் கணக்கும் கிடையாது.

ஆகவே, எதிர்பாராத இடத்தில் புள்ளி கண்டால் நல்ல மருத்துவர்கள் அவசரப்படுவதில்லை. அந்த இடத்தைக் கழுவி, உடை மாற்றி, மறுபடி படம் பிடிப்பார்கள். பக்கவாட்டில் எடுத்த படத்தில் புள்ளி உடலுக்கு வெளியே நின்றால் விஷயம் விளங்கிவிடும். இப்போது அயோடின் படத்தையும் சி.டி. படத்தையும் ஒன்றன்மேல் ஒன்று பொருத்திக் காட்டும் கருவிகள் வந்திருப்பதால், புள்ளி எலும்பிலா, குடலிலா, தோலிலா என்று தெளிவாகவே சொல்லலாம். இரத்தத்தில் தைரோகுளோபுலின் என்ற புரதத்தின் அளவையும் பார்ப்பார்கள். சுரப்பியை முழுவதும் நீக்கியவரிடம் அது மிகக் குறைவாக இருந்தால், புள்ளியைச் சந்தேகக் கண்ணோடுதான் பார்க்க வேண்டும். அதற்கு எதிரான நோய் எதிர்ப்புப் பொருள் இரத்தத்தில் இருந்தால் மட்டும் அந்தக் கணக்கு பிசகும்.

இதற்கு நேர்மாறான ஏமாற்றும் உண்டு. புற்று இருந்தும் படம் வெறுமையாக இருக்கலாம். சில புற்று அணுக்கள் காலப்போக்கில் அயோடின் பசியையே இழந்துவிடும். அல்லது, முன்பு சி.டி. படத்துக்காக ஊசியில் ஏற்றிய அயோடின் மருந்து உடலில் நிறைந்திருக்கும். கடற்பாசியும் இக்கான் பிலிஸ் சம்பலும் அயோடின் சேர்த்த உப்பும் அந்த வேலையைச் செய்யக்கூடும் என்பதால்தான், சோதனைக்கு ஒன்றிரண்டு வாரம் முன்னதாகவே உணவில் அத்தனை கட்டுப்பாடு விதிக்கிறார்கள்.

படம் எடுக்கப் போகும் நாளில் தலைக்குக் குளித்து, துவைத்த உடை உடுத்தி, படுக்கையில் ஏறுமுன் சிறுநீர் கழித்துவிட்டுக் கையையும் கழுவிக்கொள்வோம். முன்பு வந்த காசநோய், சிறுநீரகக் கட்டி, அண்மையில் எடுத்த சி.டி. படம் எல்லாவற்றையும் கேட்பதற்கு முன்பே சொல்லிவிடுவோம். கைக்குட்டையை வெளியே உட்கார்ந்திருக்கும் மகளிடம் கொடுத்துவிடாமல், அங்குள்ளவர்கள் காட்டும் பையில் போடுவோம். அதில் பட்ட எச்சிலிலும் கதிரியக்கம் இருக்கிறது அல்லவா?