சாவி எங்கே?

(தலைப்பு: அரசுக் கட்டடங்கள் சுத்தமாக இருக்கப் பெரிதும் தேவை மக்களின் பொறுப்பே! நிர்வாகத்தின் பராமரிப்பே! – ‘பராமரிப்பே’ அணியில் பேசியது)



எனக்கு முன்னால் பேசிய சகோதரி, “மாடிப்படி மூலையில வெத்தலை எச்சிலைத் துப்புறது யாரு? கலெக்டரா வந்து துப்புறாரு?”ன்னு கேட்டாங்க. நல்ல கேள்வி. துப்புறது தப்புத்தான். அதுக்கு நான் வக்காலத்து வாங்க வரலை. ஆனா அதே மனுஷன் சென்னையில மெட்ரோ ரயில் ஏறுறான். 2015-ல் ஓட ஆரம்பிச்சது. மத்திய அரசும் மாநில அரசும் கூட்டாக நடத்துறது. அங்க துப்புறானா? வாயில இருக்கிறதை முழுங்கிட்டு நிக்கிறான்! (சிரிப்பு) ஏன்? ஆளு மாறலைய்யா, இடம் மாறிடுச்சு. துடைச்ச தரையில துப்ப மனசு கூசுது. ஏற்கெனவே செவந்து கிடக்கிற மூலையைப் பார்த்தா, இதுக்குன்னே ஒதுக்கின இடம் போலன்னு நினைச்சுக்கிறான். “அங்க கேமரா இருக்கு, அபராதம் இருக்கு”ம்பீங்க. அதைத்தாங்க நான் பராமரிப்புன்னு சொல்றேன்! (கைதட்டல்)

ஒரு அம்மா பத்திரம் பதிய வர்றாங்க. காலையில 10 மணிக்கு வந்து உட்கார்ந்தா, மத்தியானம் வரைக்கும் கூப்பிடலை. கழிப்பறை எங்கேன்னு கேட்டா, பின்பக்கம். பின்பக்கம் போனா, பூட்டு. சாவி எங்கே? பெரிய ஐயா மேஜை டிராயர்ல. பெரிய ஐயா எங்கே? கேம்ப்! (பலத்த சிரிப்பு)

நாம சிரிக்கிறோம். அந்த அம்மா சிரிக்கலை. அடுத்த தடவை வரும்போது வீட்டிலேயே தண்ணி குடிக்காம வருவாங்க. அந்த ஆபீஸ்லயே வேலை பார்க்கிற பொம்பளைப் பிள்ளைக்குத் தினமும் இதே கதி. தண்ணி குடிக்காம, வர்றதை அடக்கி அடக்கி வச்சா, நீர்க்கடுப்பு வரும், தொற்று வரும். இதுல அவங்க எங்கே பொறுப்பில்லாம நடந்துக்கிட்டாங்க? சொல்லுங்க பார்ப்போம்!

எதிரணித் தலைவர் மகாத்மாவைத் துணைக்கு அழைச்சார். 1901, கல்கத்தா காங்கிரஸ் மாநாடு. கழிப்பறை நாறுது. தொண்டர்கள்கிட்ட சொன்னா, அது எங்க வேலை இல்லைன்னுட்டாங்க. காந்தி தானே துடைப்பத்தை வாங்கிச் சுத்தம் பண்ணினார். உண்மை. ஆனா ஐயா கதையைப் பாதியில நிறுத்திட்டாரு! மீதியைக் காந்தியே சுயசரிதையில எழுதியிருக்கார். கூட்டம் அதிகம், கழிப்பறை குறைவு, அடிக்கடி கழுவணும். அது தன் ஒருத்தரால ஆகாதுன்னு, தன் உபயோகத்துக்கு மட்டும் சுத்தம் பண்ணிக்கிட்டாராம். மகாத்மாவுக்கே அவ்வளவுதான் முடிஞ்சுதுன்னா, நம்ம ராமசாமியும் குப்புசாமியும் தனியா என்னங்க பண்ணுவாங்க? (கைதட்டல்)

சரி, பராமரிப்புன்னா என்ன? அரசு ஆஸ்பத்திரிகளுக்காக 2015-ல் மத்திய அரசு ‘காயகல்ப்’னு ஒரு திட்டம் கொண்டு வந்தது. சுத்தத்துக்குப் பரீட்சை மாதிரி மார்க். நூத்துக்கு 70 எடுத்தாத்தான் பரிசுக்குத் தகுதி. ஆஸ்பத்திரியில தரை துடைக்கிறதுக்கே மூணு வாளி வேணும். ஒண்ணுல சோப்புத் தண்ணி, ஒண்ணுல துணியை அலச நல்ல தண்ணி, ஒண்ணுல கிருமிநாசினி. உள் மூலையில ஆரம்பிச்சு வாசலைப் பார்த்து வரணும்.

நம்ம ஆபீஸ்கள்ல எத்தனை வாளி? ஒண்ணே ஒண்ணு! முதல் ரூம்ல முக்கின தண்ணி, பத்தாவது ரூம் வரும்போது குழம்பா ஆயிடுது. அது துடைக்கிறது இல்லைங்க, அழுக்கை டிரான்ஸ்பர் பண்றது! (பலத்த சிரிப்பு)

அந்த ஒத்தை வாளியைத் தூக்கிட்டுப் போற அம்மாவைப் பாருங்க. கையுறை கிடையாது. கறை போகலைன்னு மேலதிகாரி சத்தம் போட்டா, பிளீச்சிங் பவுடரோட ஆசிட்டையும் சேர்த்து ஊத்துறாங்க. ரெண்டும் சேர்ந்தா குளோரின். விஷ வாயு! ஜன்னல் இல்லாத கழிப்பறைக்குள்ள அதைச் சுவாசிக்கிறது யாரு? அந்த அம்மாதானே? ரெண்டையும் கலக்காதேன்னு ஒரு வார்த்தை சொல்லிக்கொடுக்க வேண்டியது யாரு? மனுக் கொடுக்க வந்த பொதுஜனமா?

நிர்வாகத்தால முடியாதான்னா, முடியும் ஐயா! மந்திரி வர்றார்னு சொல்லிப் பாருங்க. ராத்திரியோட ராத்திரியா சுவருக்கு வெள்ளை அடிக்கும். குழாயில தண்ணி வரும். ரோட்டு ரெண்டு பக்கமும் பிளீச்சிங் பவுடரைக் கோலம் மாதிரி போட்டிருப்பாங்க! (சிரிப்பு) அன்னிக்கு ஜனங்க மாறிட்டாங்களா? இல்லை. நிர்வாகம் முழிச்சுக்கிச்சு, அவ்வளவுதான். ஒரு நாள் முடியுறது 365 நாளும் ஏன் முடியாது?

நாங்க கேட்கிறது பளிங்கு மாளிகை இல்லை. குழாயில தண்ணி, கதவுக்குத் தாழ்ப்பாள், மேலே ஒரு பல்பு. கழுவுற அம்மாவுக்குக் கையுறை, ஒண்ணாம் தேதி சம்பளம். எப்போ கழுவினாங்கன்னு சுவத்துல ஒரு அட்டை. அதைத் தினமும் பார்த்துக் கையெழுத்துப் போட ஒரு அதிகாரி. அவரும் அதே கழிப்பறையைத்தான் உபயோகிக்கணும்! (பலத்த கைதட்டல்)

மணி அடிச்சிட்டீங்க, முடிச்சிடுறேன். மக்களுக்குப் பொறுப்பு வேண்டாம்னு நாங்க சொல்லலை. பூட்டைத் திறந்து விட்டுட்டு அப்புறம் பொறுப்பைக் கேளுங்கன்னுதான் சொல்றோம். ஆகவே, அரசுக் கட்டடங்கள் சுத்தமாக இருக்கப் பெரிதும் தேவை நிர்வாகத்தின் பராமரிப்பே என்று நல்ல தீர்ப்பு வழங்குமாறு நடுவர் அவர்களைக் கேட்டு அமர்கிறேன்.