மலைபடுகடாமும் குரங்கணி வழியும்

பரிசில் பெற்றவன் பெறாதவனுக்கு வழிகாட்டுவது ஆற்றுப்படை. 583 அடிகளையுடைய மலைபடுகடாம் நன்னனின் கொடையோடு மலைவழியின் ஏதங்களையும் எடுத்துரைக்கிறது. பன்றிக்கு வைத்த பொறிகள் உண்டு, விடிந்தபின் செல்க. யானையை விரட்டும் கவண்கல் வரும், மரமறைவில் ஒதுங்குக. பாசி வழுக்கும், மூங்கிற்கோலைப் பற்றிச் செல்க என்பன அதன் அறிவுரைகள். எழிலைக் காட்டுவதோடு வழிகாட்டியின் கடமை முடிவதில்லை என்பதைப் பெருங்கௌசிகனார் அறிந்திருந்தார்.

2018 மார்ச் 11 அன்று, கொழுக்குமலையிலிருந்து குரங்கணிக்கு இறங்கியோரைக் காய்ந்த புற்சரிவில் பரவிய தீ சூழ்ந்தது. 23 உயிர்கள் மறைந்தன. 2024இல் தமிழக அரசு தொடங்கிய மலையேற்றத் திட்டத்தில் குரங்கணி–சாம்பலாறு வழியும் இடம்பெற்றது. மலையை அறிந்த இளைஞர்கள் அதில் வழிகாட்டிகளாயினர்.

குறிஞ்சியைப் பாடும் கவிஞர்க்கும் இக்கடமை உண்டு. ஏலத்தின் மணத்தையும் அருவியின் ஒலியையும் பாடுவோர் மலையின் கோடையையும் பாடுதல் வேண்டும். பங்குனிப் புல்லின் வறட்சி கவிதைக்குப் புறம்பான பொருளன்று.