மஞ்சள் விளக்கு எரிஞ்சா தப்பு யார் பக்கம்?

இன்னைக்கு நான் சொதப்பின கதை.

வேலைக்குச் சேர்ந்த முதல் வருஷம். ஒரு மருத்துவமனையோட போன் சிஸ்டம் எங்க டீம் பொறுப்பு. ராத்திரி 2 மணிக்குத் தகவல்: ஆம்புலன்ஸ் டெஸ்க்குக்கு ஒரு காலும் வரலை. ஓடினேன். அங்கே இருந்தது ஒரே ஒரு இ1 லைன். 2.048 மெகாபிட் வேகம், 32 டைம்ஸ்லாட், ஒரே நேரத்தில் 30 பேர் பேசலாம். அது படுத்தா 30-ம் படுத்துடும்.

கார்டில் மஞ்சள் விளக்கு. எனக்குத் தெரிஞ்சது டிராஃபிக் சிக்னல்தான். சிவப்புன்னா ஆபத்து, மஞ்சள்னா சும்மா எச்சரிக்கை. லைன் நல்லாத்தான் இருக்குன்னு முடிவு பண்ணி, சர்வரை ரெண்டு தடவை ரீஸ்டார்ட் பண்ணேன். 40 நிமிஷம் போச்சு.

கடைசியில் எக்ஸ்சேஞ்சுக்குப் போன் போட்டேன். அங்கிருந்தவர் கேட்டார்: "எங்க பக்கம் ரெட் தம்பி. உங்க பக்கம்?"

"மஞ்சள் சார்."

"அப்போ உங்க டிரான்ஸ்மிட் கேபிளைப் பாருங்க."

விஷயம் இதுதான். இ1-ல் போக ஒரு வழி, வர ஒரு வழி. ரெட் அலாரம்னா, 'எனக்கு எதுவும் கேட்கலை'. அப்படிக் கேட்காத பக்கம், எதிர்ப்பக்கத்துக்கு 'நீ பேசுறது எனக்கு வரலை'ன்னு சொல்லி அனுப்பும். டைம்ஸ்லாட் 0-ல், ஒன்று விட்டு ஒரு ஃப்ரேமில், மூன்றாவது பிட்டை 1 ஆக்கும். அவ்வளவுதான். அதுதான் மஞ்சள். அது என்னை வந்து சேர்ந்திருக்குன்னா, வர்ற வழி சரியா இருக்கு. போற வழிதான் அறுந்திருக்கு.

நீலமும் உண்டு. நடுவில் இருக்கும் கருவிக்கே சிக்னல் வரலைன்னா, அது வெறும் 1-ஆக அனுப்பிக்கிட்டே இருக்கும். 'கோளாறு எனக்கும் அந்தப் பக்கம்'னு அர்த்தம். நிறப் பெயர்கள் அமெரிக்காவோட டி1 லைன்களில் இருந்து வந்தவை. இ1 மேனுவலில் மஞ்சளை ஆர்ஏஐ, நீலத்தை ஏஐஎஸ்னு போட்டிருப்பாங்க.

பின்னாடி போய்ப் பார்த்தேன். டிரான்ஸ்மிட் பக்க பிஎன்சி கனெக்டர் பாதி கழன்று தொங்குது. திருகினேன். பச்சை.

மறுநாள் மேனேஜர் கேட்டார், "அந்த நேரத்தில் எத்தனை பேர் கூப்பிட்டாங்க?" லாகைத் திறந்தேன். காலியா இருந்தது. வந்து சேராத கால் எப்படிப் பதிவாகும்? அந்த நம்பர் எனக்கு இன்னைக்கு வரைக்கும் தெரியாது.

அதுக்கப்புறம் எந்த அலாரம் பார்த்தாலும் முதலில் ஒரு கேள்விதான்: இதைச் சொல்றது யாரு, யாரைப் பத்தி? அடுத்த எபிசோடில் பார்ப்போம்.