விற்ற வீட்டின் கொல்லைக் கதவு



இராமாபுரத்தில் நம் பிள்ளைகள் விரும்பும் விளையாட்டுப் பொறிகளுக்குள் ஒரு பூட்டுப் போர் நடக்கின்றது. தாமே எழுதிய நிரல்களை அவற்றில் இயக்க விழைவோர் காவலில் ஓட்டை தேடுகின்றனர். பொறியைச் செய்தோர் புதுப்பிப்பு அனுப்பி அதனை அடைக்கின்றனர்.

2006-இல் சோனி நிறுவனம் விற்ற பிளேஸ்டேஷன் 3, லினக்ஸ் இயங்கவும் இடந்தந்தது. 2010 சனவரியில் அமெரிக்க இளைஞர் ஜார்ஜ் ஹாட்ஸ் அவ்வழியே காவலை ஊடுருவினார். ஏப்ரல் முதல் நாள், பாதுகாப்பைக் காரணங்காட்டி, 3.21 என்னும் புதுப்பிப்பால் சோனி அவ்வசதியையே நீக்கிற்று. ஏற்க மறுத்தோர் இணைய விளையாட்டை இழந்தனர். வழக்கு எழுந்தது; ஈற்றில் உடன்பாட்டால் இழப்பீடு கிடைத்தது.

2018-இல் வெளிப்பட்ட நிண்டெண்டோ ஸ்விட்ச் ஓட்டையோ சில்லிலேயே பதிந்திருந்தது. விற்றவற்றில் அதனை அடைக்க இயலவில்லை. புதிதாய்ச் செய்தவற்றிலேயே திருத்தினர்.

திருட்டுப் படிகளை நாம் ஆதரியோம். ஆயினும், கள்வனுக்கு அஞ்சி, விற்ற வீட்டின் கொல்லைக் கதவை விற்றவரே வந்து அடைத்துச் செல்லுதல் முறையோ? வாங்கியவர் குற்றம் யாது?

புதுப்பிப்புக்கு இசையுமுன், அது தருவது எது, பறிப்பது எது எனப் படித்தறிவோமாக! பிள்ளைகளுக்கும் அதனைக் கற்பிப்போமாக!